பாதிச் சவுக்காரம்

அக்கா ஒரு அறைக்குள் நுழையும்போது முதலில் மூக்கைத்தான் அனுப்புவார். பிறகுதான் கண். கை கடைசி.

எங்கள் வேலை ரயிலின் படுக்கைப் பெட்டிகளைத் துப்புரவு செய்வது. கனடாவின் கிழக்குக் கரையில் ஹலிஃபாக்ஸிலிருந்து ஓர் இரவு முழுக்க ஓடி, காலையில் மொன்றியலுக்கு வந்து சேரும் வண்டி அது. பயணிகள் நிலையத்தில் இறங்கிப் போனதும் வெறும் வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுவந்து விடுவார்கள். பின்னேரம் அதே வண்டி திரும்பப் புறப்படும். அதற்குள் ஒவ்வொரு அறையும், அதில் இதுவரை ஒருவருமே படுக்கவில்லை என்பதுபோல ஆகிவிட வேண்டும். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டிலிருந்து நாலு வருடம் நான் அந்த வேலையில் இருந்தேன். அக்கா எனக்கு ஐந்து வருடம் முன்பே சேர்ந்தவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்த நகரத்தில் ஈழத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் சொற்பம், அதிலும் கத்தோலிக்க வேதக்காரர் சொற்பத்திலும் சொற்பம். பெயரைப் போட்டால் நாளைக்கே செயின்ட்-மிஷேலில் யாராவது தொலைபேசியை எடுத்து, "அது அவையெல்லோ?" என்று தொடங்கிவிடுவார்கள்.

ஒவ்வொரு அறையிலும் இரண்டு கட்டில்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. மூலையில் முகம் கழுவும் பேசின். அதற்கு மேலே ஒரு சின்னத் தட்டு. பயணிக்கு இலவசமாகக் கொடுக்கும் சாமான்களை அந்தத் தட்டில் அடுக்குவோம். தீப்பெட்டி அளவில் இரண்டு சவுக்காரம், விரல் உயரத்தில் ஷாம்பூ, கைக்குப் பூசும் கிறீம், குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்ரிக் தொப்பி. மற்ற எல்லாரும் சோப் என்றுதான் சொல்வோம். அக்கா மட்டும் பழைய ஆட்களைப்போலச் சவுக்காரம் என்பார். அவரோடு கிடந்து எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அவரிடம் பிடிபட்டேன். ஓர் அறையில் சவுக்காரம் தொடாமல் கிடக்கிறது என்று நினைத்து அதை அப்படியே விட்டுவிட்டேன். பின்னால் வந்த அக்கா அதை எடுத்து மூக்கடியில் பிடித்தார்.

"இது திறந்தது."

"இல்லையக்கா, கடதாசி அப்பிடியே கிடக்கு."

"திறந்து மணந்து பாத்திட்டுத் திரும்ப மடிச்சிருக்கினம். மடிப்பைப் பாரும், கோணலாய் நிக்குது."

"மணந்து பாத்தால் என்ன, தேஞ்சா போகும்?"

அக்கா அதைக் குப்பைச் சாக்குக்குள் போட்டார். "ஒருத்தர் தொட்டதை இன்னொருத்தருக்கு வைக்கப்படாது. பாவிச்சது பாவிச்சதுதான்."

அந்த வார்த்தையை நாலு வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. அவருடைய செபமாலையில் ஒரு மணி கூடுதலாக இருந்தது, அது இதுதான். முதல் பனிக்காலத்தில் கோயிலில் கொடுத்த பழைய கோட்டைக்கூட வாங்கமாட்டேன் என்று, சட்டைக்கு மேல் சட்டையாக மூன்று போட்டுக்கொண்டு நடந்தவராம். ஜான்-டலோன் சந்தையில் யாரோ அமுக்கிப் பார்த்துவிட்டு வைத்த தக்காளியைத் தொடமாட்டார். கடைக்காரன் சலித்துக்கொண்டே அடியில் இருந்த புதுப்பெட்டியை இழுத்துத் திறப்பான்.

வேலைக்காரர் பாதிப் பேருடைய வீட்டுக் குளியலறை அந்தக் காலத்தில் படுக்கைப் பெட்டி மாதிரித்தான் இருந்தது. பயணிகள் மிச்சம் விட்ட ஷாம்பூவும் சவுக்காரமும் எறியத்தானே போகிறோம் என்று ஆளுக்குக் கொஞ்சம் பையில் போட்டுக்கொள்வோம். ஒருநாள் அக்கா என் பையைப் பார்த்துவிட்டார். மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லை. "பிச்சை எடுக்கிறதெண்டால் கோயில் வாசலில இரும், புண்ணியமாவது கிடைக்கும்" என்றார். அவ்வளவுதான். ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. அவருக்கு அதனால் ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

வண்டியில் போய்வரும் உதவியாளர்களில் ஒருவருக்கு அக்காமேல் மிகவும் மரியாதை. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த கறுப்பின மனிதர், மொன்றியலில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் இதே வேலைதான் பார்த்தாராம், படுக்கைப் பெட்டிகள் பெரிய மாளிகை மாதிரி ஓடிய காலத்தில். வெள்ளிக் கிண்ணம், ரயில் கம்பனியின் முத்திரை பொறித்த சவுக்காரம், குதிரைமயிர்த் தூரிகை, கதவடியில் கழற்றி விட்டால் விடியும்போது பளபளவென்று நிற்கும் சப்பாத்து. அந்தச் சப்பாத்துகளை இரவு முழுக்க இருந்து துடைத்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். பயணிகள் எந்த உதவியாளரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்களாம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயர், முதலாளியின் பெயர். அக்கா ஒருத்தர்தான் இந்த மனிதரை முதற்பெயரும் குடும்பப் பெயரும் சேர்த்து, முன்னால் மரியாதைக்குப் பிரெஞ்சில் ஒரு மெசியூவும் போட்டுக் கூப்பிடுவார். அது அவருக்கு நன்றாகப் பிடிக்கும்.

ஒருநாள் அவர் சொன்னார்: பணக்காரர் விட்டுப்போன முத்திரைச் சவுக்காரத் துண்டுகளை அப்பா சட்டைப்பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவருவார், அம்மா அவற்றை நனைத்து உருட்டி ஒரே உருண்டையாக்குவார், பிள்ளைகள் எட்டுப் பேரும் அந்த உருண்டையில்தான் குளித்து வளர்ந்தார்கள். நான் சிரித்தேன். அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

"முன்பின் தெரியாத ஆக்கள் பாவிச்சதையோ?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். நான் மொழிபெயர்க்காமலே அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. "அது நல்ல வாசனை, மதாம்" என்று மட்டும் சொன்னார்.

அக்காவுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பது பிறகு ஒரு மதியச் சாப்பாட்டின்போது தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலம். சவுக்காரம் ஒரு கட்டி கிடைப்பதே பெரும் பாடு. உடுப்புக்குப் பனம்பழக் களியைத் தேய்த்தாலும் உடம்புக்கு எதைத் தேய்ப்பது? வீட்டுக்கு வீடு ஒரே துண்டில் பத்துப் பேர் குளித்தார்கள், சிரங்கும் பத்துப் பேருக்கும் வந்தது. அக்கா தன் வீட்டில் அதை விடவில்லை. கட்டியைத் தண்ணீரில் நனைத்து, தையல் நூலைச் சுற்றி இழுத்து ஆளுக்கொரு பங்காக வெட்டிவிடுவார். "கத்தியால வெட்டினால் தூள் கொட்டுண்டு வீணாய்ப் போகும். நூலெண்டால் ஒரு பொட்டும் சிந்தாது." பாவித்ததும் துடைத்துக் காயவைத்து, கடையில் சாமான் மடித்துத் தரும் சரை மாதிரிக் கடதாசியில் மடித்து வைக்கவேண்டும். ஒருவருடைய துண்டை மற்றவர் தொட்டால் அடி. அந்த ஐந்து வருடமும் தன் வீட்டில் ஒருவருக்கும் சிரங்கு வரவில்லை என்று சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"வீட்டில ஆர் ஆரக்கா இருந்தனீங்கள்?" என்று கேட்டேன். சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கணவர் ஊரிலேயே தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. என்னிடம் அவர் சொல்லியிருந்தது அவ்வளவுதான். கோயில் ஆட்கள் வேறு கதை சொன்னார்கள். அக்காவுக்கு ஒரு மகள். பதினைந்து வயதில் தாயோடு இங்கே வந்தவள். படித்து முடித்து ஹலிஃபாக்ஸுக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒருவரோடு பழகினாள். அவரும் எங்கள் ஆள்தான். ஆனால் முன்பே கோயிலில் கலியாணம் கட்டி, அந்தப் பெண் விட்டுப் போய், சின்னப் பெண்பிள்ளை ஒன்றோடு நின்றவர். முதல் மனைவி உயிரோடு இருக்க இன்னொரு வேதக் கலியாணத்துக்கு வழியில்லை. மகள் அந்த மனிதரையும் கூட்டிக்கொண்டு தாயிடம் சொல்ல வந்தாள். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்க, அந்த மனிதரும் பக்கத்தில் நிற்க, அக்கா கேட்டாராம்:

"மற்றவள் பாவிச்ச சவுக்காரத்தை எடுத்து முகத்தில பூசப்போறியோ?"

மகள் குடித்துக்கொண்டிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அந்த மனிதரோடு வெளியே போனாள். அதற்குப் பிறகு நாலு வருடம் தாயும் மகளும் ஒரு சொல் கதைக்கவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு அக்காமேல் கோபம்தான் வந்தது. என் பையைப் பார்த்துச் சொன்ன சொல்லை நான் ஒரு கிழமை சுமந்தேன், அந்தப் பிள்ளை இந்தச் சொல்லை எவ்வளவு காலம் சுமக்கும் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமைக் காலை. இலை உதிர் காலம். நான் ஆறாம் அறைக்குள் நுழைந்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் ஆட்கள் படுத்த அறை எங்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். மற்றவர்கள் துவாயை நிலத்தில் போட்டுவிட்டுப் போவார்கள், அதுதான் முறையும்கூட. எங்கள் சனம் படுக்கையைத் தாங்களே சுருக்கமில்லாமல் விரித்து, பேசினைத் துடைத்து, துவாயை நாலாக மடித்து, குப்பையைப் பையில் முடிந்து வைத்துவிட்டுத்தான் இறங்கும். துப்புரவாக்க வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

"அக்கா, ஓடியாங்கோ! இஞ்ச எங்கட ஆரோ படுத்திருக்கினம். சவுக்காரத்தையும் பங்கு போட்டிருக்கினம்!"

இரண்டு சவுக்காரத்தில் ஒன்று திறக்கப்படவே இல்லை. மற்றது சரி பாதியாக வெட்டியிருந்தது. ஒரு பாதியைக் காணோம். பாவித்த பாதி துடைத்து, அதன் கடதாசியிலேயே சரை மடிப்பாக மடித்துத் தட்டில் வைத்திருந்தது.

அக்கா வந்தார். அன்றைக்கு மூக்கு முன்னால் வரவில்லை. சரையைப் பிரித்து, வெட்டுமுகத்தில் பெருவிரலை வைத்துத் தடவினார். வழுவழுவென்று இருந்தது. ஒரு தூள் இல்லை. பிறகு, அதுவரை நான் பார்த்திராத ஒரு காரியம் செய்தார். விரித்திருந்த படுக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்ர பிள்ளை வந்திருக்கிறாள்" என்றார்.

நூலால் வெட்டுகிற கை யாழ்ப்பாணத்தில் இன்னும் ஆயிரம் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அந்தச் சரையை அவர் தன் முகம் துடைக்கும் லேஞ்சிக்குள் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த வண்டியிலிருந்து அவர் வெளியே எடுத்த முதற்சாமான் அதுதான்.

அன்றைய வண்டியில் வந்தவர் அந்தக் கறுப்பின உதவியாளர்தான், கணக்கறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். பயணிகளின் பெயரைச் சொல்ல அவருக்கு அனுமதியில்லை, அக்காவும் கேட்கவில்லை. ஆறாம் அறை, என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஒரு இளம் பெண்ணும் ஏழு வயதுச் சிறுமியும், என்றார். சிறுமியைக் கண் வைத்தியரிடம் காட்ட வந்திருக்கிறார்களாம். வியாழக்கிழமை திரும்பும்போதும் தனக்கு மேல் கட்டில்தான் வேண்டும் என்று சிறுமி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் அக்கா வேலை முடிந்ததும் மெற்றோவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். வீட்டில் இருந்து கதவு மணியைக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் காலையிலும் அவரைப் பார்த்ததும் மணி அடிக்கவில்லை என்பதும் தெரியும். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதற்கு முன்பு வந்ததில்லை.

"ஸ்ரேசனுக்குப் போய் நில்லுங்கோவன் அக்கா. வியாழக்கிழமை பின்னேரம் அங்கதானே ஏறவேணும்."

"நான் நிண்டால் அவள் ஏறாமல் திரும்பிப் போயிடுவாள். அந்தச் சின்னனுக்கு முன்னால அவளை நான் இன்னொருக்கா அழவைக்கேலாது."

"அப்ப ஒரு கடிதமாவது எழுதி வையுங்கோ."

"எழுதினால் நியாயம் கதைக்கத் தொடங்கிடுவன். எனக்கு என்னைத் தெரியும்."

வியாழக்கிழமை உதவியாளர் எங்களைக் கடந்து போகும்போது அக்காவைப் பார்த்து நாலு விரலைக் காட்டினார். வாய் திறக்கவில்லை, அதனால் விதியையும் மீறவில்லை. நாலாம் அறையை அக்கா தனியாகவே ஒழுங்கு செய்தார். மேல் கட்டிலின் தலையணையில் ஒரு புதுச் சவுக்காரத்தை வைத்தார். "இது சின்னனுக்கு." பிறகு பேசினுக்கு மேலே இருந்த தட்டைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். லேஞ்சியைப் பிரித்து, பாவித்த அந்தப் பாதிச் சவுக்காரத்தை அதன் சரையோடு நடுவில் வைத்தார்.

ஒருவர் தொட்டதை இன்னொருவருக்கு வைக்கக்கூடாது என்று என் உயிரை வாங்கிய மனுசி.

அதே நேரம் மேற்பார்வையாளர் பெட்டிக்குள் ஏறிவிட்டார். புறப்படும் முன்பு அறை அறையாகப் பார்ப்பது அவருடைய வழக்கம். பயணிக்குப் பாவித்த சவுக்காரம் வைத்தது தெரிந்தால் ஒன்பது வருட வேலை அன்றோடு சரி. நான் அக்காவை வெளியே தள்ளிவிட்டு நாலாம் அறைக்குள் புகுந்து, தட்டை முதுகால் மறைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன். அவர் எட்டிப் பார்த்தார். "இன்னும் முடியவில்லையா?" என்றார். "கறை போகுதில்லை, மெசியூ" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு கண்ணாடியை அவ்வளவு நேரம் துடைத்ததில்லை. அவர் ஐந்தாம் அறைக்குப் போனார்.

வண்டி போய்விட்டது. வெள்ளி, சனி. அக்கா வழக்கம்போல மணந்தார், மடித்தார், எறிந்தார். அந்த உதவியாளர் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில்தான் திரும்புவார். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருபோதும் வேலைக்கு வந்தவரல்ல, பூசை இருக்கும். அந்த ஞாயிறு எனக்கு முன்பே வந்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

உதவியாளர் படியிறங்கி நேரே அவரிடம் வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சரையை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் இறங்கும்போது இதைத் தன் கையில் தந்ததாகச் சொன்னார். "இந்த அறைகளை ஒழுங்குபடுத்துவது யார்?" என்று மட்டும் கேட்டாளாம். "என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு அம்மா" என்று அவர் சொன்னாராம். சிறுமி புதுச் சவுக்காரத்தைப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டு போனாளாம்.

அக்கா சரையைப் பிரித்தார். பாதிச் சவுக்காரம் இன்னொரு தடவை நூலால் வெட்டப்பட்டிருந்தது. மிச்சம் கால் பங்கு. பாவித்த ஈரத்தின் கறை கடதாசியில் இன்னும் இருந்தது. ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மறு பங்கைத் தாய்க்கு அனுப்பியிருந்தாள். திங்கட்கிழமை அந்தப் பாதியை அவள் தெரிந்துதான் வைத்தாளா, கைப்பழக்கத்தில் வைத்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இதைத் தெரிந்துதான் அனுப்பினாள்.

அக்கா வேலைக்காரர் கழுவும் பேசினுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தண்ணீரைத் திறந்து, அந்தக் கால் பங்குச் சவுக்காரத்தை நனைத்து, இரண்டு உள்ளங்கையிலும் உருட்டி நுரையாக்கி, முகத்தில் பூசினார். நெற்றி, கன்னம், கண், கழுத்து என்று ஒரு இடம் விடாமல் பூசினார். கண்ணுக்குள் எரிந்திருக்க வேண்டும். கழுவாமல் அப்படியே கனநேரம் குனிந்து நின்றார். தோள் குலுங்கியது. நான் தண்ணீர்க் குழாயை மூடவில்லை, அந்தச் சத்தம் இருக்கட்டும் என்று விட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, "இண்டைக்குப் பின்னேர வண்டியில ஒரு இடம் கிடைக்குமோ?" என்று கேட்டார்.

"விலாசம் தெரியுமோ அக்கா?"

"நாலு வருசமாய் என்னட்டைத்தான் கிடக்கு."

ஒன்பது வருடமாக அந்தக் கட்டில்களை விரித்த மனுசி ஒருநாளும் அதில் படுத்ததில்லை. தொலைபேசியில் கேட்டுப் பயணச்சீட்டு எடுத்தோம். இரண்டாம் அறை. மத்தியானம் அந்த அறையை நான்தான் ஒழுங்கு செய்தேன். படுக்கையை இரண்டு தடவை இழுத்து விரித்தேன், துவாயின் மடிப்பை நேராக்கினேன், அவர் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்கக்கூடாது என்று. தட்டில் ஷாம்பூவை வைத்துவிட்டுச் சவுக்காரப் பெட்டிக்குள் கையை விட்டேன்.

கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட நின்ற அக்கா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எனக்குச் சவுக்காரம் வைக்க வேண்டாம், பிள்ளை" என்றார். "என்னட்டைக் கிடக்கு."